வீட்டுக் கணக்கு: வாசகர் கேள்வி பதில் – வெயில் ஊருக்குக் குடி போறதுக்கு முன்னாடி

பங்குனி பொறந்தா போதும், வீடு மாத்தறவங்க கடிதம்தான் நிறைய வரும். ஸ்கூல் லீவு, ட்ரான்ஸ்ஃபர் எல்லாம் ஒண்ணா வர்ற நேரம். இந்த தடவை குளிர் ஊர்லேந்து வெயில் ஊருக்கு போற நாலு பேர் கேட்டிருக்காங்க, அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன். கரண்ட் கணக்கு எல்லாம் 2024 ஜூலைல அமலுக்கு வந்த வீட்டு ரேட்ட வெச்சு போட்டது, நீங்க குடி போற நேரத்துல ரேட் மாறியிருந்தா யூனிட் கணக்க அப்படியே வெச்சுக்கிட்டு ரூபாய மட்டும் மாத்திக்கோங்க.

கேள்வி: அக்கா, 11 வருஷமா பெங்களூர்ல இருக்கோம், ஏப்ரல் கடைசில சென்னைக்கு வர்றோம். நாங்க ரெண்டு பேர், ரெண்டு பசங்க. இங்க மாசம் 130 யூனிட்தான் ஓடும், கர்நாடக அரசோட இலவச கரண்ட் திட்டம் கிருஹ ஜோதில பில்லே வராது. பள்ளிக்கரணைல ஒரு அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடி, அதான் கடைசி மாடி, ரெண்டு பெட்ரூம் வீடு பாத்திருக்கோம். ஈபி எவ்ளோ வரும்னு கேட்டா புரோக்கர் ஜனவரி பில் ஒண்ண வாட்ஸப்ல அனுப்பினார், அதுல 470 ரூபாய்தான் இருக்கு. நம்பலாமா? தண்ணி, கேஸ் எல்லாம் சேத்து மாசம் எவ்ளோ ஒதுக்கணும்? – வாசகி, பெங்களூரு

பதில்: பில் பொய் இல்லம்மா, உண்மையான பில்தான், ஆனா தை மாச பில்ல காட்டி சித்திரை மாசத்துக்கு வீடு குடுக்கறாங்க, அதுதான் விஷயம். சென்னைல டிசம்பர் ஜனவரில ராத்திரி ஃபேன கூட ரெண்டுல வெச்சுட்டு போர்வை போத்திக்கிட்டு தூங்கலாம், அப்போ 250 யூனிட் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 470 ரூபாய்தான் வரும். அதே வீடு, அதே குடும்பம், ரெண்டு ஏசி ஓடினா ஏப்ரல் மே பில் அஞ்சாயிரத்த தாண்டும். எப்படினு வரிசையா போட்டு காட்டறேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு வித்தியாசம். பெங்களூர்ல பில் மாசாமாசம் வரும், 200 யூனிட் வரைக்கும் உங்க பழைய சராசரிய ஒட்டி ஓட்டினா கட்டவே வேண்டாம், கட்டறவங்களுக்கும் எல்லா யூனிட்டுக்கும் ஒரே ரேட். தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒரு ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம், அதுக்கப்புறம் ரேட் படிப்படியா ஏறும், இந்த படியத்தான் ஸ்லாப்னு சொல்றோம். 200 வரைக்கும் 2 ரூபாய் 35 காசு, 400 வரைக்கும் 4.70, 500 வரைக்கும் 6.30. இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்கும். 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.35 ரேட் போயிடும், 101லேந்தே 4.70 போட்டுடுவாங்க, 500க்கு மேல 8.40, 600க்கு மேல 9.45, 800க்கு மேல 10.50, ஆயிரத்துக்கு மேல 11.55. சரியா 500 யூனிட்னா 1,805 ரூபாய், 501 யூனிட்னா 2,048. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் வித்தியாசம்! எங்க அபார்ட்மெண்ட்ல புதுசா வர்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான் இத பேப்பர்ல எழுதி குடுக்கறேன், ஏன்னா முதல் கோடைல இத தெரியாம மாட்டிக்காதவங்க யாரையும் நான் பாக்கல.

இப்போ உங்க வீட்டு யூனிட்டுக்கு வருவோம். பெங்களூர் 130ஐ அப்படியே ரெண்டால பெருக்கிட்டு வராதீங்க, அதுல கிட்டத்தட்ட பாதி கீசர். நாலு பேர் தினம் வெந்நீர்ல குளிச்சா மாசம் 50, 60 யூனிட் அதுக்கே போயிருக்கும். சென்னைல அது விழுந்துடும், ஏப்ரல்ல மத்தியானம் 2 மணிக்கு பாத்ரூம் குழாய தொறந்து பாருங்க, மொட்டை மாடி டேங்க்ல காஞ்ச தண்ணி கைய வைக்க முடியாம சுடும், சாயங்காலம் பக்கெட்ல பிடிச்சு வெச்சு ஆற விட்டுத்தான் பசங்கள குளிப்பாட்டணும். கீசர் போன இடத்துல ஃபேன் வந்து உக்காரும். ரெண்டு பெட்ரூம் ஃபேன் ஒவ்வொண்ணும் 10 மணி நேரம், ஹால் ஃபேன் 12 மணி நேரம், மொத்தம் 32 மணி நேரம், சாதா ஃபேன் 75 வாட், அப்போ ஒரு நாளைக்கு 2.4 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 144. ஃபிரிட்ஜ் ஒரு 70, வெயில் ஊர்ல அதுவும் கொஞ்சம் கூட இழுக்கும், சமையக்கட்டு சூடா இருந்தா கம்ப்ரஸர் நிக்கவே நிக்காது. வாஷிங் மெஷின், கிரைண்டர், டிவி, லைட், வைஃபை, லேப்டாப் எல்லாம் சேத்து 86னு வெச்சுக்கோங்க. ஆக ஏசி இல்லாம 300 யூனிட், பில் 705 ரூபாய்.

அடுத்தது ஏசி. ஏசி மேல ஒட்டியிருக்கற ஸ்டார் லேபிள்ல வருஷத்துக்கு இத்தனை யூனிட்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், அது 1,600 மணி நேரம் ஓட்டினா வர்ற கணக்கு. ஒன்றரை டன் 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசில 800னு இருந்தா மணிக்கு அரை யூனிட்னு அர்த்தம். நான் எப்பவும் கடைசி மாடிக்கு அதுக்கு மேல 20 சதவீதம் சேத்துப்பேன், ஸோ 0.6. ராத்திரி 8 மணி நேரம், 60 ராத்திரி, 480 மணி நேரம், கிட்டத்தட்ட 290 யூனிட். முன்ன சொன்ன 300ஓட சேந்தா 590, பில் 2,796. பசங்க ரூம்லயும் இன்னொரு ஏசி போட்டா 880 யூனிட், பில் 5,610. கவனிச்சீங்களா, ரெண்டு ஏசியும் ஒரே மாதிரி, ஒரே நேரம்தான் ஓடுது, ஆனா முதல் ஏசிக்கு 2,091 ரூபாய் ஆச்சு, ரெண்டாவதுக்கு 2,814 ஆச்சு. வீட்டு ஓனர் பத்து வருஷத்துக்கு முன்னாடி மாட்டின பழைய இன்வெர்ட்டர் இல்லாத ஏசி இருந்தா இந்த கணக்கே செல்லாது, அது மணிக்கு 1 யூனிட்டுக்கு மேலயும் இழுக்கும், அப்போ ஒரு ஏசியே ரெண்டு ஏசி பில்ல குடுக்கும். அதனால அக்ரிமெண்ட் போடறதுக்கு முன்னாடி ஏசிக்கு பக்கத்துல போய் லேபிள போட்டோ எடுங்க, லேபிள் கிழிஞ்சு போயிருந்தா பழசுன்னே வெச்சு கணக்கு போடுங்க.

கோடைல எல்லாரும் ஒரே ரூம்ல படுத்துப்போம்னு முடிவு பண்ணா ஒரு ஏசியோட போகும், நிறைய குடும்பம் அப்படித்தான் பண்றாங்க, பாய் போட்டு பசங்க கீழ படுத்துப்பாங்க. அந்த 590ல இருந்து இன்னும் இறக்க முடியும். மூணு ஃபேனையும் பிஎல்டிசி ஃபேனா மாத்தினா 30 வாட்தான், 144 யூனிட் 58 ஆயிடும். ஏசிய 24ல வைக்காம 26ல வெச்சு கூடவே ஃபேன் போட்டா ஒவ்வொரு டிகிரிக்கும் 6 சதவீதம் மாதிரி குறையும்னு எரிசக்தி சேமிப்பு அமைப்பு பிஇஇயே சொல்லுது, அதுல ஒரு 35 யூனிட் போகும். ரெண்டும் சேந்தா 590, 470க்கு கிட்ட வந்துடும், 500க்கு உள்ள வந்துட்டீங்க, பில் 1,616. 2,796 எங்க, 1,616 எங்க! வாடகை வீட்டுக்கு எதுக்கு நம்ம காசுல ஃபேன்னு யோசிக்காதீங்க, காலி பண்றப்ப கழட்டிக்கிட்டு போயிடலாம், பழைய ஃபேன் மூணையும் லாஃப்ட்ல பத்திரமா வெச்சிருந்து திருப்பி மாட்டிடுங்க.

கடைசி மாடிங்கறதுதான் எனக்கு உறுத்துது. நீங்க வீடு பாக்க காலைல 10 மணிக்கு போயிருப்பீங்க, எல்லா வீடும் அப்போ ஜில்லுனுதான் இருக்கும். இன்னொரு தடவை ராத்திரி 8 மணிக்கு போங்க, பெட்ரூம்ல மேற்கு பக்க சுவர்ல உள்ளங்கைய வெச்சு பாருங்க, வெயில் போயி ரெண்டு மணி நேரம் ஆகியும் இஸ்திரி போட்ட துணி மாதிரி கதகதனு இருந்தா அந்த சூட்ட இழுத்து வெளிய தள்ளறது உங்க ஏசிதான், அதுக்கு காசு குடுக்கறது நீங்கதான். மாடில தட்டோடு போட்டிருக்கா, வெள்ளை டைல்ஸா, இல்ல வெறும் சிமெண்ட் தளமானு ஏறி பாருங்க. ரெண்டாவது மாடில அதே அளவு வீடு ஆயிரம் ரூபாய் கூட கேட்டாக்கூட நான் அதத்தான் எடுப்பேன், பில்லுக்காக மட்டும் இல்ல, பசங்க தூக்கத்துக்காக.

குடி போற அன்னிக்கு மறக்காம செய்ய வேண்டியது, சாமான் இறக்கறதுக்கு முன்னாடியே மீட்டர் போர்ட்டுக்கு போய் ரீடிங்க தேதியோட போட்டோ எடுங்க, ஓனருக்கும் அனுப்பிடுங்க. நான் ஊட்டிலேந்து கல்யாணமாகி மெட்ராஸ் வந்த வருஷம் இத செய்யல. எனக்கு முன்னாடி இருந்தவங்க ஓட்டின ஒரு மாசமும் நாங்க ஓட்டின ஒரு மாசமும் ஒரே பில்ல வந்துச்சு, யார் எவ்ளோன்னு யாருக்கும் தெரியல, ஓனர் கைய விரிச்சுட்டார், முழுசா நாங்கதான் கட்டினோம். இதுல இன்னொன்னு, ரெண்டு குடும்பம் ஓட்டினாலும் ஸ்லாப் ஒண்ணுதான், முன்னாடி இருந்தவங்க 400 ஓட்டியிருந்தா உங்க யூனிட் எல்லாம் மேல் ரேட்ல விழும். அதனால ரூபாய பிரிக்கறப்ப யூனிட் விகிதத்துல பிரிச்சுக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. ரீடிங் எடுக்க வர்றவர் நாள் தள்ளி வந்தாலும் இதே சிக்கல்தான், 60 நாளைக்கு 480ல நிக்க வேண்டியது 65 நாளைக்கு 520 ஆயிடும், அதனால போன ரீடிங் என்னிக்கு எடுத்தாங்கனு குறிச்சு வெச்சுக்கிட்டு அந்த தேதி நெருங்கறப்ப நீங்களே மீட்டர பாத்துக்கிட்டே இருங்க.

தண்ணி. இது ஈபிய விட குழப்பம், ஏன்னா ஒரு ரேட் கார்டு கிடையாது. மெட்ரோ வாட்டர் லைன் இருக்கற தெரு, போர் மட்டும் இருக்கற தெரு, லாரிய நம்பியே இருக்கற தெருன்னு சென்னைல மூணு விதம் உண்டு, ஓஎம்ஆர் பக்கமும் பள்ளிக்கரணை பக்கமும் மூணாவது விதம் நிறைய. 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வத்தினப்ப லாரி புக் பண்ணா வாரக்கணக்குல காத்திருக்க வேண்டியிருந்துச்சு, நீங்களும் 2024 மார்ச்ல பெங்களூர்ல அத பாத்திருப்பீங்க. நெம்மேலில ரெண்டாவது கடல்நீர் ஆலை 2024ல வந்ததுக்கப்புறம் தென்சென்னை பக்கம் கொஞ்சம் ஆறுதல். ஆனா நீங்க கேக்க வேண்டியது இதுதான்: மெயின்டனன்ஸ்ல தண்ணி லாரி சேந்திருக்கா, இல்ல கோடைல தனியா பிரிப்பாங்களா. செக்யூரிட்டிய கேளுங்க, அவருக்கு தெரியும் மே மாசம் வாரத்துக்கு எத்தனை லாரி வருதுன்னு. அத 12 குடும்பமோ 20 குடும்பமோ அதால வகுத்துக்கோங்க. லிஃப்ட், மோட்டார், காரிடார் லைட்டுக்கு வேற மீட்டர், அந்த பொது மீட்டருக்கு இலவச யூனிட் கிடையாது, யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல, அதோட நிலையான கட்டணமும் உண்டு, அதான் மெயின்டனன்ஸ் ஏறிக்கிட்டே போகும். குடிக்கற தண்ணி கேன் நாலு பேருக்கு கோடைல ரெண்டு நாளைக்கு ஒண்ணு காலியாகும், கேன் 40 ரூபாய்னா மாசம் 600. கேஸ் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, பெங்களூர்ல எவ்ளோ நாள் வந்துச்சோ அவ்ளோதான் இங்கயும், ஒரு நாலஞ்சு நாள் கூடவே வரும்.

மொத்தமா சொல்லணும்னா ஏப்ரல்லேந்து ஜூலை வரைக்கும் கரண்ட்டுக்கு மட்டும் ஒரு ஏசி வீடுன்னா மாசம் 1,500, ரெண்டு ஏசின்னா 3,000 தனியா எடுத்து வைங்க, பில் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கதான் வர்றதால முதல் மாசம் கட்டலையேன்னு அந்த காசு வேற எதுக்கோ போயிடும், அப்புறம் மொத்தமா வந்து நிக்கும். ஆகஸ்ட்ல குறையும்னு நினைக்காதீங்க, செப்டம்பர் புழுக்கம் மே மாசத்துக்கு சளைச்சதில்ல, வடகிழக்கு மழை பிடிச்சப்புறம்தான் ஏசிய நிறுத்துவீங்க. புரோக்கர்ட்ட இப்பவே கேளுங்க: போன வருஷம் ஏப்ரல் மே சேந்த பில், அத காட்ட சொல்லுங்க. சில வீட்டுக்கு ரீடிங் ஒத்தப்படை மாசம், சில வீட்டுக்கு ரெட்டைப்படை மாசம், அதனால மே மாசம் உள்ள இருக்கற பில்னு சொன்னா போதும்.

கேள்வி: வணக்கம். நானும் என் மனைவியும் குன்னூர்ல 34 வருஷம் இருந்தோம், எனக்கு 67, அவளுக்கு 63. வர்ற மாசம் மதுரைக்கு மகன் வீட்டுக்கு பக்கத்துல தனி ஃப்ளாட்டுக்கு போறோம். எங்க வீட்டுல இதுவரைக்கும் ஃபேனே கிடையாது. பென்ஷன்ல வாழறவங்க நாங்க, ஏசி தாங்குமா, ஏர் கூலர் போதுமா? – வாசகர், குன்னூர்

பதில்: ஐயா, உங்க கடிதத்த படிச்சப்ப எங்கப்பா ஞாபகம் வந்துச்சு, அவரும் ஊட்டிய விட்டு கீழ இறங்கினப்ப இதே கேள்வியத்தான் கேட்டார்.

ரேட் உங்களுக்கு மாறாது, குன்னூரும் மதுரையும் ஒரே மின்வாரியம், மேல சொன்ன அதே ஸ்லாப். குன்னூர்ல கீசருக்கும் ரூம் ஹீட்டருக்கும் போன யூனிட் மதுரைல ஃபேனுக்கும் குளிர்ச்சிக்கும் போகும், அவ்ளோதான். ரெண்டு பேருக்கு ஃபிரிட்ஜ் 70, ஃபேன் 90, மத்ததெல்லாம் 60, மொத்தம் ரெண்டு மாசத்துக்கு 220 யூனிட். கூலர் 180 வாட்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ரெண்டு மாசத்துக்கு 86 யூனிட், 306 யூனிட்டுக்கு பில் 733 ரூபாய். ராத்திரி ஏசின்னா 290 சேந்து 510, பில் 2,124. மாசத்துக்கு 700 ரூபாய் வித்தியாசம்.

கூலர் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா முடிவு பண்றது சுலபம். ஈரமான பட்டை மேல காத்து போறப்ப தண்ணி ஆவியாகி காத்தோட சூட்ட எடுத்துக்குது, ஸோ காத்து காஞ்சதா இருக்கணும், ஜன்னல் தொறந்திருக்கணும். மதுரை, திருச்சி பக்கம் சித்திரை வைகாசி மத்தியானத்துல காத்து வறண்டு இருக்கும், கூலர் நல்லாவே உதவும். இதே சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ போறீங்கன்னா வேண்டவே வேண்டாம்னு சொல்லியிருப்பேன், கடல் காத்துல ஏற்கனவே ஈரம் நிறைய, கூலர் போட்டா உடம்பு இன்னும் பிசுபிசுக்கும். மதுரையிலயும் மழை வந்து புழுங்கற நாள்ல கூலர் கைவிட்டுடும்.

ஆனா ஒண்ணு, 34 வருஷம் குன்னூர் குளிர்ல இருந்த உடம்பு ஐயா உங்களது. 60 வயசுக்கு மேல உடம்பு வேர்த்து சூட்ட வெளிய தள்றது குறைஞ்சிடும், தாகமும் சரியா தெரியாது, பிரஷருக்கு நீர் போற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்கன்னா இன்னும் ஜாக்கிரதை வேணும், போறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அதனால என் யோசனை, ஒரே ஒரு பெட்ரூமுக்கு ஒரு டன் ஏசி போடுங்க, சின்ன ரூம்னா அது போதும், ஒன்றரை டன்ன விட கம்மியா இழுக்கும், நான் மேல போட்ட 290 கூட வராது, அப்போ ராத்திரி ஏசி மட்டும்னா 500க்குள்ளேயே நின்னுடுவீங்க. பகல்ல ஹால்ல கூலர். மத்தியானம் 12லேந்து 4 வரைக்கும் ரொம்ப முடியலன்னா ஸ்லாப் தாண்டுதேன்னு யோசிக்காம ஏசி ரூமுக்கு போய் படுங்க. அந்த ரெண்டு மாசம் தாண்டினா 300, 400 ரூபாய் கூட ஆகும், ஆகட்டும், மகன்ட்ட கூச்சப்படாம சொல்லுங்க அது அவர் கணக்குனு. ஜன்னலுக்கு வெளிய பச்சை வலை, இல்ல வெட்டிவேர் தட்டி கட்டி மத்தியானம் தண்ணி தெளிச்சா ஹால்ல வித்தியாசம் தெரியும், மதுரைல வெட்டிவேர் தட்டி கிடைக்கும். குன்னூர்லேந்து வர்றப்ப ரூம் ஹீட்டர தூக்கிட்டு வராதீங்க, அங்கேயே யாருக்காவது குடுத்துடுங்க.

கேள்வி: என் கணவர் துபாய்ல ஒரு வருஷமா இருக்கார், ஜூன்ல நானும் குழந்தையும் கோயம்புத்தூர்லேந்து போறோம். அவர் பாத்திருக்கற ஒரு பெட்ரூம் வீட்டுக்கு வாடகை வருஷத்துக்கு 60,000 திர்ஹம். அங்க கரண்ட் பில்லோட வேற என்னென்னமோ சேரும்னு பயமுறுத்தறாங்க, உண்மையா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா சேரும்ங்கறது உண்மை. துபாய்ல கரண்ட்டும் தண்ணியும் ஒரே பில்ல தேவா நிறுவனம் அனுப்பும், மாசாமாசம். அந்த பில்ல வீட்டு வரின்னு ஒரு வரி இருக்கும், வெளிநாட்டுக்காரங்களுக்கு வருஷ வாடகைல 5 சதவீதம், அத 12ஆ பிரிச்சு மாசாமாசம் போடுவாங்க. உங்க 60,000க்கு 3,000, மாசம் 250 திர்ஹம். நீங்க ஒரு லைட் கூட போடாம ஊருக்கு வந்துட்டா கூட அந்த 250 வந்துக்கிட்டுதான் இருக்கும், அதனால அத வாடகையோட சேத்து வெச்சு 5,250னு நினைச்சுக்கோங்க. கனெக்‌ஷன் எடுக்கறப்ப ஃப்ளாட்டுக்கு 2,000 திர்ஹம் டெபாசிட், காலி பண்றப்ப திரும்ப கிடைக்கும்.

கரண்ட் யூனிட்டுக்கு முதல் 2,000 யூனிட் வரைக்கும் 23 ஃபில்ஸ் (100 ஃபில்ஸ் ஒரு திர்ஹம்), அதோட எரிபொருள் சர்சார்ஜ், மேல 5 சதவீதம் வாட் வரி. ஆயிரம் யூனிட்டுக்கு 230 திர்ஹம் மாதிரி, அதுக்கு மேல தண்ணி, கழிவுநீர் எல்லாம் சேரும். நம்ம ஊர் மாதிரி 500ல எகிறி குதிக்கற ஸ்லாப் இல்ல, அது ஒரு நிம்மதி.

உங்க பட்ஜெட்ட தீர்மானிக்கப் போறது வேற ஒண்ணு, அந்த பில்டிங் சில்லர் ஃப்ரீயாங்கறதுதான். சில பில்டிங்ல குளிர்ச்சிய ஓனரே குடுத்துடுவார், வாடகைல அடங்கிடும். சிலதுல ஏசி உங்க தேவா மீட்டர்ல ஓடும். இன்னும் சிலதுல எம்பவர் மாதிரி கம்பெனி ஒரு பெரிய ஆலைலேந்து குளிர்ந்த தண்ணிய குழாய்ல அனுப்பி மொத்த பில்டிங்கையும் குளிர வைக்கும், அதுக்கு தனி பில், தனி டெபாசிட், அதுலயும் நீங்க பயன்படுத்தின அளவுக்கு ஒரு கட்டணம், பயன்படுத்தினாலும் இல்லாட்டியும் ஒரு கட்டணம்னு ரெண்டு வரும். 55,000க்கு சில்லர் தனியா இருக்கற வீட்ட விட 60,000க்கு சில்லர் ஃப்ரீ வீடு மலிவா முடியலாம், அதனால வாடகைய மட்டும் வெச்சு ரெண்டு வீட்ட ஒப்பிடாதீங்க. உங்க கணவர்ட்ட சொல்லி காண்ட்ராக்ட்ல "சில்லர் யார் கட்டணும்"னு எழுதியிருக்கானு பாக்க சொல்லுங்க, வாய்வார்த்தை வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரங்க போன ஆகஸ்ட் பில்ல கேட்டு பாத்தா இன்னும் நல்லது.

நீங்க போறது ஜூன், நேரா உச்சி வெயிலுக்கு போய் இறங்கறீங்க, அதனால முதல் மூணு மாச பில்ல பாத்துட்டு எப்பவும் இப்படியேதான்னு கலங்காதீங்க, நவம்பர்லேந்து மார்ச் வரைக்கும் ஜன்னல தொறந்து வெச்சுக்கலாம். லீவுல ஊருக்கு வர்றப்ப மட்டும் ஏசிய முழுசா அணைச்சுட்டு வராதீங்க, பூட்டின வீட்டுல அந்த ஈரத்துக்கு மெத்தை, துணி, அலமாரியெல்லாம் பூஞ்சை பிடிச்சிடும், 27, 28ல விட்டுட்டு வாங்க.

கேள்வி: மூணாறுலேந்து வேலைக்காக திருப்பூர் வந்திருக்கேன். மாடி போர்ஷன், ஓனர் சப் மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கறார். நான் தனி ஆள், ஏசி கிடையாது, ரெண்டு மாசத்துக்கு 150 யூனிட்தான் ஓட்டறேன், 1,500 கட்டறேன். இது சரியா? – வாசகர், திருப்பூர்

பதில்: சரியில்ல தம்பி. தனி இணைப்பு இருந்தா 150 யூனிட்டுக்கு நீங்க கட்ட வேண்டியது 117 ரூபாய் 50 காசு. 100 இலவசம், மிச்சம் 50க்கு 2.35. ஓனர் பக்கத்துல ஒரு நியாயம் இருக்கலாம், கீழ் வீடும் உங்க போர்ஷனும் ஒரே மீட்டர்ல ஓடினா அவங்க மொத்தம் 500ஐ தாண்டி 8.40லயும் 9.45லயும் விழுந்திருக்கலாம், ஆனா அதுக்காக உங்க எல்லா யூனிட்டுக்கும் 10 ரூபாய்ங்கறது வராது. மெயின் மீட்டர் பில்ல காட்ட சொல்லுங்க, மொத்த ரூபாய மொத்த யூனிட்டால வகுத்து வர்ற ரேட்ட உங்க யூனிட்டால பெருக்கி கட்டறேன்னு சண்டை போடாம கேளுங்க. உதாரணத்துக்கு மொத்தம் 700 யூனிட்னா பில் 3,825, யூனிட்டுக்கு 5 ரூபாய் 46 காசு, உங்க பங்கு 820 ரூபாய். தனி சமையக்கட்டு, தனி வாசல் இருக்கற போர்ஷன்னா மாடிக்கு தனி மீட்டர் வாங்க ஓனர் விண்ணப்பிக்கலாம், அத அவர்தான் செய்யணும், செலவுல பாதி நான் தர்றேன்னு சொல்லி பாருங்க, சில பில்லுலயே அந்த காசு உங்களுக்கு திரும்பிடும். ரெண்டுக்கும் ஒத்துக்கலன்னா மாசத்துக்கு 700 ரூபாய் வாடகை கூடன்னு அர்த்தம், அத மனசுல வெச்சு அடுத்த வீட்ட பாருங்க, இந்த தடவை வாசல்ல எத்தனை மீட்டர் தொங்குதுன்னு எண்ணிட்டு அட்வான்ஸ் குடுங்க.